இடக்கரடக்கல்

‘பொலிட்டிகல் கரெக்ட்னஸ்’ என்பதை ‘அரசியல் சரிநிலை’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, அவையில் கூறத்தகாததாகிய ‘இடக்கர்’ என்பதை மறைத்துச் சொல்லும் ‘இடக்கரடக்கல்’ என்னும் பழஞ்சொல்லே போதுமென்பார் உளர். எனினும் இரண்டும் ஒன்றல்ல. மலங்கழுவி வந்தவனைக் ‘கால் கழுவி வந்தான்’ என்பவர் தம் நாவையே அடக்குகிறார். இன்றைய ‘அரசியல் சரிநிலை’ வழக்கோ பெரும்பாலும் பிறர் நாவை அடக்குகிறது. ‘அடங்கு, அடக்கு’ என்னும் இணைவடிவங்களிலிருந்தே பணிவைக் குறிக்கும் அடக்கமும், உடலைப் புதைக்கும் அடக்கமும், அடக்குமுறையும் கிளைத்தன என்பது எண்ணத்தக்கது. 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் அதன் ஆசிரியர் பெருமாள்முருகன் 2015இல் எழுத்தையே துறப்பதாக அறிவிக்க நேர்ந்தது, எதிர்த்தவர்கள் தமக்கு வேண்டும் கருத்துரிமையைப் பிறருக்கு மறுக்கும் இரட்டை அளவுகோலின் விளைவே. சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் அவர் எழுதும் உரிமையை உறுதிசெய்தது. பட்டு நெசவூரான ஆரணியில், வெள்ளியிழையில் பொன் முலாமிட்ட அசல் சரிகைக்கும் செம்பிழையில் பூச்சிட்ட ‘டெஸ்டட் சரிகை’க்கும் உள்ள வேற்றுமையை நெசவாளர் அறிவர். சொல்லிலும் அத்தகைய வேற்றுமை உண்டு: துப்புரவுப் பணியாளரைத் ‘தூய்மைப் பணியாளர்’ எனப் பெயர் மாற்றியும் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகள் தொடர்வதால், அது மேற்பூச்சோடு நின்றுவிட்ட சொல்மாற்றமாகும். ஆகவே இடக்கரடக்கல் என்பதைத் தன்னைத் தான் அடக்கும் நாகரிகத்துக்கே உரியதாக்குவது தகும். பிறர் வாயை அடைப்பதைக் குறிக்க, விடுதலைப் போராட்டக் காலத்திலேயே வழங்கிய ‘வாய்ப்பூட்டு’ என்னும் சொல் தமிழில் உள்ளது.