மூன்று வருஷக் கணக்கு

அப்பச்சியின் முகத்தைவிட அவருடைய கையெழுத்துதான் எனக்கு முதலில் பழக்கம். அப்பாவை ‘அப்பச்சி’ என்பது எங்கள் பக்கத்து வழக்கம். 1956-ல் எனக்கு நாலு வயது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி அவர் பினாங்குக்குப் போய்விட்டார். மாதம் தவறாமல் கடுதாசி வரும். உச்சியில் பிள்ளையார் சுழி, அடுத்து ‘சிவமயம்’, அப்புறம் நலம், பணம், வட்டி, கோயில் காரியம். அதையெல்லாம் பெரியப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்து வாசிப்பார். ஆத்தா கதவுக்கு அந்தப்புறம் நின்று கேட்பாள். அடியில் எனக்கென்று நாலு வரி, எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதியிருக்கும். அந்த நாலு வரி என் பங்கு. நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது என்பது பெரியப்பச்சியின் உத்தரவு.

அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். அந்நாளில் செட்டிநாட்டில் ஆண்பிள்ளை என்றால் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போகவேண்டும். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று எங்கே போனாலும் மூன்று வருஷத்துக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அந்த மூன்று வருஷத்துக்குப் பெயரே ‘கணக்கு’. ‘அவர் ரெண்டாவது கணக்குக்குப் போயிருக்கார்’ என்றால் ஆறு வருஷத்தில் பாதி கழிந்தது, பாதி பாக்கி என்று அர்த்தம். பெண்டுபிள்ளைகளைக் கூட்டிப்போகும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. ஒவ்வொரு கடையிலும் முதலாளியின் ஆளாக ஒரு ஏஜெண்ட், அவருக்கு அடுத்தாள், கடைசியில் ஒரு பெட்டியடிப் பையன். இத்தனை பேரும் இங்கே ஏதோ ஒரு வளவில் யாருக்கோ அப்பச்சியாகவோ மகனாகவோ இருந்தவர்கள்தாம். தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பார்க்க வருகிறவர்கள் முகப்பின் அகலத்தை வியக்கிறார்கள். அந்த அகலத்தில் உட்கார அன்று ஆண்கள் ஊரில் இல்லை என்பதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

அதற்காக இந்த ஊர்த் தகப்பன்மார் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். படித்தார்கள், புத்தகம்தான் வேறு. என் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, பர்மாவிலிருந்து வந்தால் சாயங்காலம் விளக்கேற்றியதும் அப்பச்சியைப் பக்கத்தில் இருத்தி எண்சுவடி கேட்பாராம். ‘அரைக்காலில் கால் எவ்வளவுடா?’ ‘அரை வீசம்.’ எட்டில் ஒன்றில் கால் பங்கு முப்பத்திரண்டில் ஒன்று. காகிதம் தொடாமல் சொல்லவேண்டும். மா, காணி, முந்திரி என்று 320-ல் ஒரு பங்குவரை இறங்கிப் போகும் கீழ்வாய் இலக்கம் அது. ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறியது. பத்து, பன்னிரண்டு வயதில் பெட்டியடியில் உட்காரப்போகிற பிள்ளைக்கு வட்டிச்சிட்டை பிசகக்கூடாது. ஐயாவுக்குத் தெரிந்த பாசம் அந்த உருவத்தில் வந்தது. மூன்று வருஷத்துக்கொருமுறை வருகிற மனிதர் எதைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்? பிழைக்கும் வழியைத்தான்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அப்போது அப்பச்சிக்குப் பதினைந்து வயது, பெட்டியடிப் பையன். பர்மாவை விட்டு வெளியேறிய சுமார் 5 லட்சம் இந்தியர்களில் பெரும்பாலோர் காடும் மலையும் நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். அப்பச்சி ஊர் வந்து சேர்ந்தபோது இடுப்பில் இருந்தது ஒரு துண்டும் கடைச்சாவியும் என்று அப்பத்தா சொல்வாள். கடை போயிற்று, நெல்வயல் போயிற்று. முகப்பில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், வேலையில்லாமல்.

அதே காலத்தில் இந்த மண்ணிலிருந்தே இன்னொன்று முளைத்தது: பிள்ளைகளுக்கான எழுத்து. ராயவரம் எங்கள் ஊரிலிருந்து எட்டிப்போகிற தூரம்தான்; அந்தக் காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்த ஊர் வை. கோவிந்தன் 1939-ல் ‘சக்தி’ பத்திரிகையைத் தொடங்கினார். 1922-ல் அதே ஊரில் பிறந்த அழ. வள்ளியப்பா, சக்தி காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த தி. ஜ. ர. தான் அவரை எழுதத் தூண்டியவர். பிறகு வள்ளியப்பா இந்தியன் வங்கிக்குப் போனார். பகலெல்லாம் பேரேடு, மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்தார். பின்னாளில் ‘கோகுலம்’ ஆசிரியராகவும் இருந்தார். தேவகோட்டைத் தமிழ்வாணன் ‘கல்கண்டு’ நடத்தினார். நாற்பதுகளில் புதுக்கோட்டையிலிருந்து சிறுவர் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போரும் பள்ளிக்கூடப் பெருக்கமும் அச்சகங்களும் இதற்குக் காரணம் என்பார்கள், இருக்கலாம். என் மனசுக்குப் படுவது இது: அப்பச்சி இல்லாத வீடுகளில் வளர்ந்த ஒரு தலைமுறை, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரலை அச்சில் தேடியிருக்கிறது.

அந்தக் குரலை நான் கேட்டது 1959-ல். கணக்கு முடித்து அப்பச்சி வந்தார். தகரப்பெட்டி, பிஸ்கட் டின், செண்ட் வாசனை. நான் கிட்டேயே போகவில்லை. முகப்பில் தெருவை ஒட்டிய கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் கூப்பிடவில்லை, மிட்டாய் காட்டவில்லை. மறுநாள் காரைக்குடிக் கடைத்தெருவுக்குப் போய் வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ வாங்கிவந்தார். சாயங்காலம் பாயை விரித்து, யாருக்கோ சொல்கிற மாதிரி உரக்க வாசிக்க ஆரம்பித்தார். பாட்டின் மெட்டு அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே மெட்டு எண்சுவடி மெட்டு. யானையும் பூனையும் அரைக்கால் வீச ராகத்தில் நடந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு தூண் என்று நகர்ந்தேன். எங்கள் முகப்பில் ஆறு தூண். ஏழாம் நாள் பாயில் இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அவர் திரும்பவும் கப்பலேறினார். இந்தமுறை கடுதாசியின் அடியில் வந்த நாலு வரியை அந்த மெட்டிலேயே நான் வாசித்தேன். ஆத்தா கதவுக்கு இந்தப்புறம் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

இன்றைக்கு என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் வேலையை விடமுடியாமல் இங்கே. பேரனுக்கு ஐந்து வயது. கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. கணக்கு மட்டும் போகவில்லை. தினம் கைபேசியில் முகம் பார்க்கிறார்கள். ‘சாப்பிட்டியா, ஸ்கூலுக்குப் போனியா’ என்று நாலு கேள்வி, அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. போன முறை அவன் வந்திருந்தபோது சொன்னேன்: “தம்பி, எந்தப் புத்தகம் வாங்கினாலும் ரெண்டாய் வாங்கு. ஒண்ணு இங்கே இருக்கட்டும், ஒண்ணு நீ கொண்டுபோ.” சிரித்தான், ஆனால் வாங்கினான்.

இப்போது ராத்திரி எட்டு மணிக்குக் கைபேசியைத் தூணில் சாய்த்து வைக்கிறோம். அங்கே பத்தரை. அவன் வாசிக்க, இவன் இங்கே அதே பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு போகிறான். களைப்பில் நேற்று அவன் ஒரு வரியை விட்டுவிட்டான்.

“அப்பச்சி, ஒரு வரி பாக்கி” என்றான் பேரன்.