இராமன் பிறந்த ஓரை

வான்மீகி இராமாயணத்தின் தென்னாட்டுப் பாடம், இராமன் பிறந்த பொழுதை ஒரு சாதகமாகவே தருகிறது: சைத்திர மாதம், நவமி, புனர்பூசம், கடக இலக்கினம், அங்கே குருவும் சந்திரனும், ஐந்து கோள்கள் உச்சத்தில். இதைக் கொண்டு இராமன் பிறந்த ஆண்டையே கணிப்போர் உளர்.

அவ்வைந்து கோள்கள் எவை? சந்திரனுக்குக் கடகம் ஆட்சி வீடேயன்றி உச்ச வீடன்று. கன்னியில் உச்சம் பெறும் புதன், சூரியனை விட்டு நெடுந்தொலைவு விலகாதாகலின் சைத்திரத்தில் அங்கு நிற்க இயலாது. எஞ்சுவன சூரியன், செவ்வாய், குரு, சுக்கிரன், சனி. எனவே சூரியன் மேடத்தில் இருந்தாக வேண்டும்.

கணக்கு இடறுவது இங்கேதான். சூரியனிலிருந்து சந்திரன் விலகும் ஒவ்வொரு 12 பாகையும் ஒரு திதி. நவமி தொடங்க 96 பாகை வேண்டும். புனர்பூசமோ கடகத்தின் 3 பாகை 20 கலையோடு முடிகிறது. சூரியன் மேடத்தின் முதற் புள்ளியில் நின்றாலும் இடைவெளி 93 பாகை 20 கலையே. அது அட்டமி.

இராசிகளும் உச்ச வீடுகளும் யவனர் தொடர்பால் வந்து, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் இங்குப் பரவியவை என்பர் ஆய்வாளர். 1960இல் வெளிவந்த பரோடா பாலகாண்டச் செம்பதிப்பு இச்சுலோகங்களை மூலத்தில் சேர்க்கவில்லை.

ஆகவே இச்சாதகம் காலக் கணக்குக்குரிய சான்றன்று; வானில் உயர்ந்தவற்றையெல்லாம் ஒரு பிள்ளைக்கு அளிக்க விழைந்த பிற்காலக் கவியுள்ளத்தின் ஆக்கம். கம்பரோ கோள்களின் உச்சத்தைக் கூறாது, புனர்பூசத்தையும் கடகத்தையும் மட்டுமே மகிழ்ந்தெழச் செய்தார். அவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணாதவை.