விலகியிருத்தலும் விலக்கி வைத்தலும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது வழக்கம். ஆயினும், கொள்ளை நோயின் காலத்தில் மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதும் வரலாறேயாகும். ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிய அதனினும் நல்ல உரைகல் கிடைப்பது அரிது. 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில், கொரோனா நோய் பரவத் தொடங்கிய நாட்களில், நம்மிடையே எழுந்த அச்சத்தையும், அவ்வச்சத்தால் நம் வாழ்வு குலைந்த விதத்தையும் இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம். நான் எறையூரைச் சேர்ந்தவன். ஆதலின் எங்கள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை நடுவில் வைத்தே பேசுகிறேன்.

எறையூர், பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள ஊர். அரசுச் சர்க்கரை ஆலையால் பலரும் அறிந்த ஊர். ஆலைக்குக் கரும்பு தரும் நிலங்கள் இருப்பினும், எங்கள் வட்டாரத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமிதான். பருத்தியும், மக்காச்சோளமும், சின்ன வெங்காயமும் எங்கள் உழவர்களின் செல்வம். மழை பொய்த்தால் இளைஞர்கள் சென்னைக்குப் புறப்படுவர். அவர்களிற் பலருக்கு வேலை தந்த இடம் கோயம்பேடு அங்காடி. 1996இல் திறக்கப்பட்ட அவ்வங்காடியில் மூட்டை தூக்கியும், கடைகளில் எடுபிடி வேலை செய்தும் அவர்கள் பொருளீட்டினர். ஊரிலிருந்து வெங்காயம் சென்றது. நகரிலிருந்து பணம் வந்தது. இந்த உறவை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவற்றின் வேதனை விளங்கும்.

நாட்களின் வரிசையை முதலில் நினைவுகூர்வோம். 2019இன் இறுதியில் சீனத்து ஊகான் நகரில் வெளிப்பட்ட நோய், 2020 சனவரி 30ஆம் நாள் கேரளத்தில், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மார்ச்சு 7ஆம் நாள் தமிழ்நாட்டில் முதல் நோயாளி பற்றிய செய்தி வந்தது. மார்ச்சு 22ஆம் நாள் மக்கள் ஊரடங்கு. அன்று மாலை 5 மணிக்கு மக்கள் வாயிலில் நின்று கைதட்டினர். தட்டுகளையும் மணிகளையும் ஒலித்தனர். மார்ச்சு 24ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் அடங்கியிருக்க வேண்டுமென அறிவித்தார். நூற்று முப்பது கோடி மக்களுக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம்.

பேருந்துகள் நின்றுவிடும் என்று அறிந்தவுடன் சென்னையிலிருந்த வெளியூரார் கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தில் திரண்டனர். வடநாட்டிலோ, தில்லி முதலிய நகரங்களிலிருந்து கூலி மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தே சென்றதை உலகம் பார்த்தது. துன்பம் வந்தால் பிறந்த ஊருக்குச் செல்வது மனித இயல்பு. அங்கே ஒரு திண்ணையாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை அது.

அந்த ஊர்கள் எவ்வாறு வரவேற்றன? எங்கள் பகுதிச் சிற்றூர்களில் தெருமுனைகளில் வேப்பிலைத் தோரணம் கட்டினர். மஞ்சள் நீர் தெளித்தனர். சில ஊர்களின் வழியில் முள்ளை வெட்டிப் போட்டு, வெளியார் வரலாகாது என்று எழுதியும் வைத்தனர். வெளியார் என்று எழுதப்பட்டவர்களிற் பலர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

ஏப்ரல் இறுதியில் இரண்டாவது திரும்புதல் நிகழ்ந்தது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் முழு ஊரடங்கு என அறிவிக்கப்பட்டவுடன், காய்கறி வாங்கக் கோயம்பேட்டில் மக்கள் பெருங்கூட்டமாகக் கூடினர். அங்காடி நோயின் ஊற்றாயிற்று. மே 5ஆம் நாள் அது மூடப்பட்டது. வேலையும் தங்குமிடமும் இழந்த தொழிலாளர்கள் சரக்கு வண்டிகளில் ஏறி, கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குத் திரும்பினர். மே முதல் வாரத்தில் அரியலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியாயிற்று. பள்ளி, கல்லூரிக் கட்டடங்கள் அவர்களுக்குத் தங்குமிடங்களாயின. பெரும்பாலோர் இளையோர்; நோய்க்குறி ஏதுமின்றியே தேறினர். ஆயினும், 'கோயம்பேட்டிலிருந்து வந்தவன்' என்ற சொல் அந்நாளில் ஒரு வசைச்சொல்லாக மாறிவிட்டது. அவர்கள் குணமடைந்து வீடு திரும்பிய பின்னரும், கடையில் பொருள் தரத் தயங்கியோரையும், குழாயடியில் அவ்வீட்டுப் பெண்களுக்கு இடம் தர மறுத்தோரையும் நான் கண்டிருக்கிறேன். பழி சுமந்தவர் எவர்? ஊரடங்கிலும் நகரத்தாரின் அடுப்பு அணையாதிருக்க மூட்டை சுமந்தவர்.

அச்சம் கண்ணுக்குத் தெரியாத கிருமியோடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு முகத்தைத் தேடிக்கொள்கிறது. தில்லி நிசாமுதீனில் மார்ச்சு மாதம் நடைபெற்ற சமயக் கூட்டத்திற்குச் சென்று வந்தோரிடம் நோய் காணப்பட்டபோது, இசுலாமியர் அனைவர் மீதும் ஐயம் பாய்ந்தது. நோய்க்குச் சமயச் சாயம் பூசலாகாது என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வேண்டிக்கொள்ள நேர்ந்தது. அக்கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டார் பலர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கிய பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டிருக்கக் கூடும் என்று கருத்துரைத்தது.

இறந்தவரையும் அச்சம் விட்டுவைக்கவில்லை. ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் இந்நோயால் காலமானார். அவரை அடக்கம் செய்யச் சென்றோரை ஒரு கூட்டம் கல்லாலும் தடியாலும் தாக்கி விரட்டியது. நள்ளிரவில் வேலங்காடு இடுகாட்டில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர் இருவர் துணையுடன், தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். ஒரு வாரத்திற்குள், இத்தகைய அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை என அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்தார் விரும்பிய கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவ்வுடலை மீண்டும் அடக்கம் செய்ய அனுமதித்தது.

இத்தகைய அச்சம் புதியதா என்று கேட்கலாம். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபோது, ஆங்கில அரசு 1897இல் கொள்ளை நோய்ச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தையே 2020இலும் நாம் கையிலெடுத்தோம். புனாவில் படைவீரர் வீடு புகுந்து சோதித்ததும், மக்களைப் பிரித்து முகாம்களில் அடைத்ததும் பெருஞ்சினத்தை மூட்டின. பிளேக் அதிகாரி ராண்டு 1897 சூனில் சுடப்பட்டார். மக்களின் நம்பிக்கையைப் பெறாத கட்டுப்பாடு, நோயோடு பகையையும் வளர்க்கும் என்பது அன்று கிடைத்த பாடம். 1918இன் நச்சுச்சுரத்தில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களை ஊர்கள் எவ்வாறு நடத்தின என்பதைப் பற்றி நாம் எழுதி வைத்தது மிகச் சிறிது.

ஆனால் எழுதப்படாத ஒரு பழக்கம் நம்மிடம் உண்டு. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டவர் உள்ளே நுழையார். அதே வேளையில், அவ்வீட்டாரை இழிவாகவும் பேசார். 'அம்மா வந்திருக்கிறாள்' என்றே கூறுவர். இளநீரும் மோரும் வாயிற்படி வரை சென்று சேரும். நோயுற்றவரைத் தொடாமலிருந்தார்கள், தனியே தவிக்க விடவில்லை. அம்மை நோய்க்கு மருந்தாக நின்றது அம்மைப்பாலேயன்றி வேப்பிலையன்று. 1975இல் இந்தியாவிலும், 1980இல் உலகிலும் பெரியம்மை ஒழிந்தது அறிவியலின் வெற்றியே. எனினும், விலகியிருக்கும்போதே மரியாதையைக் காப்பது எவ்வாறு என்பதை அவ்வேப்பிலை அறிந்திருந்தது.

2020இல் நாம் வாயிலில் ஒட்டியது வேறு. தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று அறிவிப்புத் தாள் ஒட்டினோம். சில இடங்களில் தகரத்தால் வழியையே அடைத்தோம். தாளைக் கண்ட அயலார் முகம் திருப்பினர். தகுந்த அதிகாரியின் ஆணையின்றி இவ்வாறு ஒட்டலாகாதென உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் கூறிற்று. அந்நாட்களில் எங்கும் ஒலித்த 'சமூக விலகல்' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். உடலால் இடைவெளி கொள்ளுங்கள் என்பதே உலக நலவாழ்வு நிறுவனம் விரும்பிய பொருள். சாதியின் பேரால் மனிதரைப் பன்னூறாண்டு விலக்கி வைத்த நாட்டில், சமூக விலகல் என்ற சொல் எத்துணை எளிதாகப் பழைய பாதையில் நடக்கும்! விலகியிருத்தல் மருத்துவம், விலக்கி வைத்தல் கொடுமை. இரண்டிற்கும் இடையிலுள்ள கோட்டை அவ்வாண்டு நாம் பலமுறை கடந்தோம்.

கடக்காதவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. ஊர்தோறும் தூய்மைப் பணியாளர்கள் ஒரு நாளும் ஓயவில்லை. நியாயவிலைக் கடைப் பணியாளர்கள் அரசு தந்த ஆயிரம் ரூபாயையும் அரிசியையும் மக்களிடம் சேர்த்தனர். தனித்திருந்த குடும்பங்களுக்குச் சோறு சமைத்துப் படலையில் வைத்துச் சென்ற அண்டை வீட்டாரும் எங்கள் பகுதியில் உண்டு.

இனியும் நோய்கள் வரும். அன்றும் ஊர் எல்லையில் தடை வைக்க வேண்டியிருக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் தடைக்கு முள் வெட்டும் முன்னர், வெளியிலிருந்து திரும்பும் தம் மக்கள் எங்கே தங்குவர், அவர்களுக்கு யார் உணவு கொடுப்பர், குணமான பின் யார் சென்று அழைத்து வருவர் என்பவற்றை ஊராட்சி கூடி முடிவு செய்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் ஓர் அறையும், இரண்டு குடம் நீரும், மூன்று வேளை உணவும் எந்த ஊருக்கும் இயலாத செலவல்ல.