தார்க்காகிதக் கொட்டகையில் பிறந்த வழக்கு

கல்விக்கூடத்தை அறிவுக் கோயில் என்பர். அக்கோயிலின் வாயிலில் மாணவனின் தோல் நிறத்தைப் பார்த்து வழி விட்ட காலமும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர்க்கொரு பள்ளி, கறுப்பினத்தவர்க்கொரு பள்ளி எனச் சட்டமே பிரித்து வைத்தது. வசதிகள் சமமாயின் பிரித்து வைத்தல் குற்றமன்று என 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்கு அரண். பிரிவினை நடைமுறையில் நிலைத்தது. சமத்துவமோ ஏட்டோடு நின்றது.

வர்ஜீனியா மாநிலத்து ஃபார்ம்வில் நகரின் மோட்டன் உயர்நிலைப்பள்ளி இதற்குச் சான்றாகும். 1939இல் 180 மாணவர்க்கெனக் கட்டப்பெற்ற அங்கு, 1951இல் 450 பேருக்கு மேல் பயின்றனர். இடநெருக்கடிக்கு மருந்தாகத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள் எழுந்தன. மழை ஒழுகும், குளிர் நாளில் மேலங்கியைக் கழற்ற இயலாது. புதிய கட்டடம் வேண்டிப் பெரியோர் விடுத்த வேண்டுகோள்கள் பயன் தரவில்லை.

1951 ஏப்ரல் 23ஆம் நாள், பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயது மாணவி எழுந்தார். தலைமையாசிரியர் வெளியே சென்றிருந்த வேளையில் மாணவரை மண்டபத்தில் கூட்டி, வகுப்பைப் புறக்கணிக்க அழைத்தார். அப்போராட்டம் இரு வாரங்கள் நீடித்தது. உதவி நாடிய மாணவரிடம், வழக்கறிஞர்களான ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் ஒரு நிபந்தனை விதித்தனர்: நல்ல கட்டடம் கேட்டு வாதிடல் ஆகாது, பிரிவினையையே எதிர்த்தல் வேண்டும். மாணவர் இசைந்தனர். அடுத்த மாதமே 117 மாணவர் சார்பில் வழக்குத் தொடரப்பெற்றது.

கீழ்மன்றத்தில் தோற்ற அவ்வழக்கு, கான்சாஸ், தென் கரோலினா, டெலவேர் வழக்குகளோடு இணைந்து, பிரவுன் வழக்கு என்னும் பெயரில் உச்ச நீதிமன்றம் ஏறியது. 1954 மே 17ஆம் நாள், தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் உள்ளிட்ட ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிரித்துத் தரும் கல்வி இயல்பிலேயே சமமற்றது என்பதே அதன் சாரம்.

எனினும், தீர்ப்பு வந்த அன்றே நீதி வந்துவிடவில்லை. ஒரே பள்ளியில் இரு இனத்தாரும் பயில்வதை விரும்பாத அவ்வட்டார ஆட்சியினர், 1959இல் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினச் சிறார் பலரின் கல்வி ஐந்தாண்டுகள் தடைப்பட்டது. 1964இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே கதவுகள் திறந்தன. இழந்த ஆண்டுகளை எந்த மன்றமும் மீட்டுத் தர இயலவில்லை.

பார்பரா பின்னாளில் பள்ளி நூலகராய்ப் பணியாற்றி, 1991இல் மறைந்தார். கொட்டகையில் இருந்து கொண்டு நல்ல கூரையை மட்டும் கேட்டிருந்தால், ஒருவேளை கூரை கிடைத்திருக்கும். சுவர் அப்படியே நின்றிருக்கும். ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.