பால் கக்குதல்

பால் குடித்த கைக்குழந்தை ஏப்பத்தோடு கொஞ்சம் பாலை வாய்வழியே வழியவிடுவது. தாய்ப்பால், புட்டிப்பால் எதைக் குடிக்கும் குழந்தையிடமும் இது இயல்பே. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்துச் சுருக்குத்தசை முதல் மாதங்களில் அடிக்கடி தளர்கிறது. குழந்தையும் பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. இவற்றால் பால் எளிதில் மேலேறுகிறது. கக்குதல் 4ஆம் மாத வாக்கில் மிகும். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

இரைப்பை அமிலத்தில் கலந்த பால் தயிர்போலத் திரிந்து வரும். அதைக் கண்டு, ‘பால் சேரவில்லை’ என்று தாய்ப்பாலை நிறுத்துவதுதான் பெரும் தவறு. துணியில் பரவும்போது அளவும் அதிகமாகத் தோன்றும். எடை ஏறி, நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச்செய்து, சிறிது நேரம் நிமிர்த்தி வைத்திருந்தால் போதும். கக்குமே என்று அஞ்சிக் குப்புறப் படுக்கவைப்பது ஆபத்து. உறக்கத்துக்கு மல்லாந்த நிலையே பாதுகாப்பானது.

வாந்தி வேறு. பச்சை நிறத்திலோ இரத்தத்தோடோ வந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பிறந்து 3 முதல் 6 வாரத்தில், ஒவ்வொரு முறையும் பால் பீய்ச்சியடித்து வெளியேறி, குழந்தை மறுபடி பசித்து அழுதால், இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்திருக்கலாம். அதை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்வர்.