மரங்களைத் தேடிச் சென்ற ஓவியை: மரியான் நோர்த்

பேராதனைப் பூங்காவிலே தாளிப்பனை பூத்து நிற்கும் காட்சியைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்க மாட்டார்கள். பல பத்தாண்டுகள் ஓலை மட்டுமே விட்டு வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை உச்சியிலே பெரும் பூங்கொத்தை விரித்து, காய் முதிர்ந்ததும் பட்டுப்போகும் மரம் அது. இந்நாட்டு விகாரைகளின் பழைய ஏடுகள் எழுதப்பட்டது அதன் ஓலையிலேதான். அப்பூங்காவுக்கு அண்மையில் நின்ற தாளிப்பனை ஒன்றின் எண்ணெய் வர்ண ஓவியம் இன்று இலண்டனை அடுத்த கியூ தாவரவியற் பூங்காவில் இருக்கின்றது. அதனைத் தீட்டியவர் மரியான் நோர்த் என்னும் ஆங்கில மாது.

1830ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் செல்வக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் பிரெடரிக் நோர்த் பாராளுமன்ற உறுப்பினர். 1855இல் தாயார் இறக்குந் தறுவாயில், தந்தையை விட்டுப் பிரிவதில்லை என்று மகள் வாக்குக் கொடுத்தார். அவ்வாக்கை அவர் காத்தது கடமைக்காக மட்டுமன்று. தந்தையே அவருக்கு உற்ற தோழர். இருவரும் ஐரோப்பாவிலும் எகிப்திலும் சிரியாவிலும் சேர்ந்து பயணஞ் செய்தனர். 1869இல் அவர் மறைந்தபோது மரியானுக்கு வயது முப்பத்தொன்பது, மணமாகவில்லை, மணஞ் செய்யும் எண்ணமும் இல்லை. கையில் பணம் இருந்தது, தூரிகை இருந்தது. அக்காலப் பெண்மணி ஒருவருக்கு இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

1871இல் அவர் புறப்பட்டார். முதலில் வட அமெரிக்கா, அடுத்து ஜமெய்க்கா, அதன்பின் பிரேசில். ஜமெய்க்காவிலே, கைவிடப்பட்ட பழைய தாவரத் தோட்டம் ஒன்றினுள் நின்ற வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியே தங்கினார். பொழுது புலர்ந்ததும் வெளியே சென்று நண்பகல் வரை தீட்டுவார். பிற்பகலில் மழை வந்தால் உள்ளேயிருந்து தீட்டுவார். மாலையில் நடந்து திரிவார். விருந்துகளும் சம்பிரதாய உடைகளும் அவருக்குச் சலிப்பூட்டின. சேறும் அட்டையும் நிறைந்த காட்டுப்பாதை அவற்றைவிட மேலென்று எண்ணினார்.

அவருடைய ஓவியங்களின் சிறப்பு எங்கேயிருக்கிறது? தாவர நூல்களுக்குப் படம் வரைவோர், செடியைப் பறித்து வந்து வெண்டாளின் நடுவே வைத்து, இலை, பூ, விதை எனப் பிரித்து நீர்வர்ணத்தில் வரைவது வழக்கம். மரியான் நோர்த் பெரும்பாலும் அவ்வழி செல்லவில்லை. செடி நின்ற மண், அதன் பின்னேயுள்ள மலை, அதன்மேற் படர்ந்த கொடி, அதில் வந்தமர்ந்த பறவை ஆகியவற்றையும் சேர்த்து, அழுத்தமான எண்ணெய் வர்ணத்திலே தீட்டினார். கலைக்கழகத்தின் நெறிகளில் முறையாகப் பயின்றவரல்லர் அவர். சில ஓவியங்களில் வர்ணம் மிகையாயிருப்பதும் உண்மையே. எனினும் ஒரு செடி எத்தகைய இடத்தில், எவற்றின் நடுவே வாழ்ந்தது என்பதைப் பறித்த செடியின் படம் கூறாது. அவருடைய படம் கூறும். 1875இல் கலிபோர்னியாவின் மாபெரும் செம்மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு அவர் மனம் நொந்தார். அழிந்துகொண்டிருப்பதைத் தீட்டுகின்றோம் என்ற உணர்வு அவருக்கு இருந்தது.

யப்பான், போர்ணியோ, யாவா ஆகிய நாடுகளைப் பார்த்துக்கொண்டு 1876இன் இறுதியில் அவர் இலங்கைக்கு வந்தார். பேராதனையில் அப்போது பணிப்பாளராயிருந்தவர் துவைற்ஸ் என்னும் தாவரவியல் அறிஞர். களுத்துறையிலோ, புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரன் வாழ்ந்தார். அவ்வீட்டில் விருந்தினராகச் சென்றவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. கமரன் அம்மையார் அவரது கூந்தலை அவிழ்த்துவிட்டு, காஷ்மீரச் சால்வை போர்த்தி, உச்சிவெயிலில், தலையிலே தென்னோலை குத்தும்படி நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கும்படி பணித்தாராம். பிறரையும் பிறவற்றையும் பார்த்தே பழகியவர் பார்க்கப்படும் பொருளானார். அப்படங்களில் தம் முகம் சிறக்கவில்லை என்று பின்னர் நகைச்சுவையோடு எழுதி வைத்தார்.

1877இன் பிற்பகுதியில் அவர் இந்தியா சென்றார். தூத்துக்குடி, மதுரை வழியாகத் தஞ்சாவூரை அடைந்தார். தஞ்சையில் நீதிபதியாயிருந்த வடமொழி அறிஞர் பர்னெல் அவருக்கு நண்பரானார். இந்துக்கள் புனிதமெனப் போற்றும் செடிகொடிகளைத் தீட்டும் எண்ணம் அவருடைய தொடர்பால் வளர்ந்தது. தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டிய ஆண்டுகள் அவை. பஞ்சத்தின் வரலாற்றைத் தேடுவோருக்கு அவருடைய ஓவியங்கள் உதவமாட்டா. ஆளுநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எழுதப்பட்ட அறிமுகக் கடிதங்களோடு, பேரரசின் பாதைகளிலே சென்றவர் அவர். அவருடைய கண் மரத்திலேயே நிலைத்தது. இக்குறையை மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கண் அறிவியலுக்கும் பயன்பட்டது. போர்ணியோவின் சரவாக் நாட்டில், பூச்சிகளைப் பிடித்துண்ணும் கெண்டிச் செடி ஒன்றை அவர் தீட்டியிருந்தார். இவ்வகையைச் சேர்ந்த செடி இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் உண்டு. ஆனால் சரவாக்கின் செடி அதுவரை தாவரவியலார் அறியாததொன்று. இலண்டனில் அந்த ஓவியத்தைக் கண்ட நாற்றுவணிகர், அதனைத் தேடிக் கொணர ஆளனுப்பினார். 1881இல் கியூவின் பணிப்பாளர் சேர் யோசப் ஹூக்கர் அதற்கு நெப்பந்திசு நோர்த்தியானா என்று பெயரிட்டார். செடி கிடைத்தபின் படம் வரைவதே வழக்கம். இங்கே படம் முந்தியது.

1879 ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள், ஷ்ரூஸ்பரி நிலையத்திலே புகைவண்டியைத் தவறவிட்ட நேரத்தில், அவர் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் ஓவியங்களைக் கியூவுக்கு அளிப்பதாகவும், அவற்றை வைக்கத் தம் செலவிலேயே மண்டபம் கட்டித் தருவதாகவும் அதில் தெரிவித்தார். பார்வையாளர் களைப்பாறத் தேநீரும் கோப்பியும் வழங்க வேண்டுமென்ற அவர் விருப்பத்தை ஹூக்கர் ஏற்கவில்லை. அவர் வாதாடவில்லை; வாயில்களின் மேலே தேயிலைச் செடியையும் கோப்பிச் செடியையும் தீட்டிவிட்டார். அதே ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள், 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்து தேயிலைக்கு இடம்விட்டுக் கொண்டிருந்தன.

மண்டபம் நிறைவுறுமுன் சாள்ஸ் டார்வின், அவுஸ்திரேலியத் தாவரங்களைக் காணாமல் உலகத் தாவரங்களைத் தீட்டியதாகக் கொள்ளலாகாது என்று கூறினார். அதனை ஆணையாக ஏற்று 1880இல் அங்கு சென்று வந்தார். 1882இல் மண்டபம் திறக்கப்பட்டது. பிற்சேர்க்கைகளோடு இன்று அங்கே 832 ஓவியங்கள், இடைவெளியின்றி, நாடுவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே 246 வகை மரப்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. இவ்வளவும் கொடுத்தவருக்குப் பட்டமெதுவும் கிடைக்கவில்லை. 1884இல் விக்டோரியா மகாராணியாரிடமிருந்து, மதிப்பளிக்க வழியில்லாமைக்கு வருத்தந் தெரிவிக்கும் கடிதமும் கையொப்பமிட்ட நிழற்படமும் வந்தன.

அதற்குள் உடல் தளர்ந்துவிட்டது, செவிப்புலனும் குன்றியது. எனினும் தென்னாபிரிக்காவுக்கும் சீசெல்ஸ் தீவுகளுக்கும் சென்றார். சீசெல்சிலே அவர் தீட்டிய மரமொன்றின் பேரினம் நோர்த்தியா எனப் பெயர் பெற்றது. அரோக்கேரியா மரம் தன் சொந்தக் காட்டில் நிற்பதைக் காண வேண்டுமென்று 1884இல் சிலி நாட்டுக்குப் போனதே கடைசிப் பயணம். பின்னர் குளோஸ்டர்சயரிலுள்ள ஓல்டர்லி என்னும் சிற்றூரில் வீடெடுத்துத் தோட்டம் வளர்த்தார். 1890 ஓகஸ்ட் 30ஆந் திகதி அங்கே காலமானார். அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளைத் தங்கை கதரின் சைமன்ஸ் 1892இல் நூலாக்கி வெளியிட்டார்.