நாள் ஒன்று, தெரு இரண்டு



போன வாரம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு போன். வெள்ளிமலைப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் ஆறாம் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். இப்போது அவரே ஆசிரியர்.

“ஐயா, பிள்ளைங்க ஒரு கேள்வி கேட்டுட்டாங்க. கிறிஸ்துமஸ் வருஷா வருஷம் டிசம்பர் 25-லயே வருது. ஈஸ்டர் மட்டும் ஏன் ஒரு வருஷம் மார்ச்சுல, ஒரு வருஷம் ஏப்ரல்ல வருது?”

“பொங்கல் என்னிக்குப்பா வரும்?”

“ஜனவரி 14, இல்லன்னா 15.”

“தீபாவளி?”

“அது அமாவாசையைப் பொறுத்தது ஐயா.”

“அவ்வளவுதான் விஷயம்.”

போனில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் சூரியனைப் பார்த்து வருகிற பண்டிகை. தீபாவளி சந்திரனைப் பார்த்து வருவது. கிறிஸ்தவர்களின் ஆண்டிலும் இதே இரண்டு கணக்கு உண்டு. கிறிஸ்துமஸ் சூரியக் கணக்கு. ஈஸ்டர் சந்திரக் கணக்கு. கி.பி. 325-இல் நிசேயா என்ற ஊரில் கூடிய சங்கம், எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. அதை ஒட்டி நிலைத்த விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமியைப் பார், அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர்.

இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. அந்தப் பௌர்ணமி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமி. சில ஆண்டுகளில் சித்ரா பௌர்ணமி. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கூட்டம் நிரம்பிப் போகிறதே, அதற்கு அடுத்த ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் பங்குனி உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. 2022-இல் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 16, மறுநாளே ஈஸ்டர். எப்படிப் போட்டாலும் மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் போகாது.

இந்த ஒரு நாளைப் பிடித்துவிட்டால் ஆண்டில் பாதி அமைந்துவிடும். ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னால் போனால் திருநீற்றுப் புதன். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் மிச்சம் 40 நாள் நோன்பு. அதுதான் தவக்காலம், லுத்தரன் சபையார் லெந்து நாட்கள் என்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. பிறகு பெரிய வியாழன், பெரிய வெள்ளி. ஈஸ்டர் தொடங்கி எண்ணினால் 40-ஆம் நாள் விண்ணேற்றம், 50-ஆம் நாள் பெந்தெகொஸ்தே.

குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடித்துப் போன ஓலையை வீட்டில் சிலுவையாக மடித்துச் செருகி வைப்பார்கள். மறு ஆண்டு அந்தக் காய்ந்த ஓலைகளை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றிக்கு வருகிறது. போன ஆண்டின் மகிழ்ச்சி இந்த ஆண்டின் சாம்பல். சரித்திரம் படித்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

ஒரு சின்னக் கணக்கு. அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் தெ பிரிட்டோ ஓரியூரில் வெட்டுண்டு இறந்தது 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22. வரக்கூடியதிலேயே முந்தைய நாள். 46 நாள் கழியுங்கள். அவர் இறந்தது திருநீற்றுப் புதனன்று. பேரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள், விடை சரியாக வரும்.

நம் மாவட்டத்தில் இந்த ஆண்டு எப்படி நடக்கிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கார்த்திகை நடுவில் திருவருகைக் காலம் தொடங்கும். மார்கழியில் ஒரு தெருவில் திருப்பாவை ஒலிபெருக்கி, இன்னொரு தெருவில் நட்சத்திரம் கட்டிய கம்பம். தை பிறந்ததும் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கொடியேறும். வீரமாமுனிவர் எழுப்பிய கோயில். இத்தாலியில் பிறந்த அந்த மனிதர் மாதாவுக்குச் சேலை கட்டிப் பார்த்தார். தமிழில் தேம்பாவணி பாடினார். பொங்கல் முடிந்த கையோடு வருகிற திருவிழா என்பதால் மொட்டை போடவும் காது குத்தவும் எல்லா மதத்தாரும் போவார்கள். ஆவணியில் காவி உடுத்தி உளுந்தூர்பேட்டைச் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு நாம் மோர் கொடுத்திருக்கிறோம். 1860-களில் தென்னார்க்காட்டில் வேலை தொடங்கிய டேனிஷ் மிஷனின் வழியில் வந்த ஆற்காடு லுத்தரன் சபையார் அறுப்பின் பண்டிகையில் நெல்லும் பூசணியும் கோழியும் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்த பூசணிக்காய் ஒன்றை எங்கள் வீட்டிலும் சமைத்திருக்கிறோம்.

இனிச் சரித்திரத்துக்கு வருகிறேன்.

1582-இல் போப் 13-ஆம் கிரகோரி பழைய ஜூலியன் நாட்காட்டியைத் திருத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள், போப் சொன்னதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று 170 ஆண்டு பிடிவாதமாக இருந்தார்கள். இதன் விளைவை நம் கடற்கரையில் பார்க்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே கடலூரில், தேவனாம்பட்டினம் கோட்டையில், ஆங்கிலேயர். 1700-க்குப் பிறகு இருவர் தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் முடிந்து, புத்தாண்டு முடிந்து, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய நாள் வந்திருக்கும். அன்றுதான் கடலூர்க் கோட்டையில் டிசம்பர் 25!

இருவருக்கும் நடுவில் நம் ஆட்களுக்குக் குழப்பம் இல்லை. இரண்டு கிறிஸ்துமஸும் ஒரே மார்கழியில்தான் வந்தன. புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். தமிழ் வருஷம், மாசம், தேதி போட்டு, கூடவே ஐரோப்பியத் தேதியும் போட்டிருப்பார்.

இந்த 11 நாள் சண்டை எப்படித் தீர்ந்தது? லண்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். 1752 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு படுத்தவர்கள் மறுநாள் செப்டம்பர் 14-இல் எழுந்தார்கள். அவ்வளவுதான். ஒரு கையெழுத்தில் நாள் ஒன்றாகிவிட்டது.

ஆனால் அதே நாட்குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1745-இல் புதுச்சேரி மாதா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. பறையர் ஒரு பக்கம், மற்ற சாதியார் ஒரு பக்கம். பறையர்கள் சாமியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. ஒரே நாள், ஒரே பூசை, ஒரே கூரை, நடுவில் சுவர்.

இந்த வழக்கு அதற்கும் பழையது. ரோமிலிருந்து வந்த தெ தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். இந்துக்களைப் போலக் கிறிஸ்தவர்கள் நீறு பூசக் கூடாது என்றது ஆணை. நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள்ளும் குருமார் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. நாற்பது ஆண்டு வாதம் நடந்தது. 1744-இல் போப் 14-ஆம் பெனடிக்ட் முடிவு சொன்னார். அதில் கிடைத்த சமரசம் என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாகக் குருமார். வீட்டுக்குள் போகச் சொன்ன ஆணை, போவதற்கு வேறு ஆள் என்பதில் வந்து நின்றது.

நீறு விஷயத்தில் தமிழ் ஜெயித்துவிட்டது. அந்தப் புதனுக்கு இன்றும் பெயர் திருநீற்றுப் புதன்தான். சாதி விஷயத்திலும் ஊர் வழக்கமே ஜெயித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பண்பாடு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். உளுந்தூர்பேட்டை வட்டம் இறையூர் நம் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று விழுப்புரம் மாவட்டம். 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டி ஊரில் மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே வேதம். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. மறு வாரம் குருத்தோலை ஞாயிறு. நெற்றியில் ஒரே சாம்பல் வாங்கி ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் சாவுதான். இரு பக்கத்திலும் எனக்கு மாணவர்கள் உண்டு. பழி போடுவதற்காக எழுதவில்லை. தேதியை மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தேதி என்றதும் இன்னும் இரண்டு. பட்டியல் சாதி ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. இந்து அல்லாதவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்றது. பிறகு 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் சேரவில்லை. தலித் கிறிஸ்தவர்கள் அந்த ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக நடத்துகிறார்கள். நவம்பர் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறு என்று சபைகளே அறிவித்து நடத்துகின்றன. திருச்சபை ஆண்டு ரோமில் எழுதி முடித்த காகிதம் இல்லை. மக்கள் இன்னும் அதில் நாள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கம்.

மலையிலிருந்து இறங்கி சங்கராபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு பையன்கள் வரவில்லை. இணைபிரியாதவர்கள், ஒரே சைக்கிளில் வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். மறுநாள் கேட்டேன்.

“எங்கடா நேத்து?”

“தாத்தா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்தப் போனேன் சார்.”

“நீ?”

“நானும்தான் சார். எங்க ஆயா கல்லறைக்கு.”

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போனீங்களா?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதில் இல்லை. வகுப்பில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் வாத்தியாருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த ஊரில் கல்லறை இரண்டு. வழியும் இரண்டு. ஒரே மாலை, ஒரே மெழுகுவத்தி, ஒரே ஜெபம். ஊரின் இரண்டு கோடியில்.

அன்று நான் நிசேயா சங்கம் நடத்த வேண்டிய பாடம். 325 என்று போர்டில் எழுதினேன். எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவானது என்றும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புதிதாக வந்தவன், ஊர் விஷயம் நமக்கெதற்கு என்று பாடத்தை முடித்துவிட்டேன். முப்பத்தி இரண்டு வருஷ வேலையில் நான் வெட்கப்படுகிற பீரியடுகளில் அது ஒன்று. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

மலையிலிருந்து கேட்ட தம்பிக்கு: பிள்ளைகளிடம் பௌர்ணமிக் கணக்கைச் சொல்லுங்கள். கையோடு 1752-ஐயும் 1745-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளை ஒன்றாக்க ஒரு கையெழுத்து போதும். தெருவை ஒன்றாக்க அது போதாது என்று அவர்களுக்குப் புரியும்.

அந்த இரண்டு பையன்களும் இப்போது பெரிய ஆட்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். இருவரும் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள், இதைப் படிப்பார்கள். நவம்பர் 2-க்கு இருவரும் ஊருக்கு வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்களப்பா. உன் தாத்தா கல்லறைக்கும், உன் ஆயா கல்லறைக்கும், மூன்று பேரும் சேர்ந்தே போவோம். மெழுகுவத்தி நான் வாங்கி வருகிறேன்.